நடுரோட்டில் கிடந்த வடம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
17 ஜூன் 2025

அன்புள்ள குமுதா அக்காவுக்கு,

முகுந்தன் எழுதுகிறேன். வாட்சாப்பில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். போன் அடித்தால் எடுப்பதில்லை. மச்சானுக்கு அடித்தேன். "அக்கா தம்பி சண்டைல என்னை இழுக்காதப்பா, எனக்கு நாளைக்கும் இந்த வீட்ல சோறு வேணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதனால்தான் இங்கே தபால் நிலையத்தில் ஸ்டாம்பு வாங்கி இதை அனுப்புகிறேன். கவுன்டரில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் நான் சொன்னதை, யாரும் கத்தாத இடத்தில், இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். வாணியின் மகள் ஷாமினியை மோட்டார் சைக்கிள் இடித்த அந்தப் பெரிய ரோடு மத்திய அரசாங்கத்தின் ரோடு. அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொதுப்பணி இலாகா. அங்கே நடைபாலம் வேண்டும் என்று நாங்களே எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் ஃப்ளாட் பக்கத்துப் படிக்கட்டு ரோட்டுக்கு ஒதுக்கிய இடத்திலேயே இறங்கிவிடும், அதில் பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடப் பக்கத்துப் படிக்கட்டு இறங்க வேண்டிய துண்டு நிலம்தான் மாநிலத்துடையது. இந்த நாட்டில் நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. அவர்கள் கொடுக்காமல் நாங்கள் அங்கே ஓர் ஆணி அடிக்க முடியாது. ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு பாலத்தை எப்படி நிறுத்துவது?

நம் பழைய வீட்டுக்கும் சின்னையா அங்கிள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வாய்க்கால் ஒழுகியது நினைவிருக்கிறதா? அது உங்களுடையது என்று அப்பா சொல்வார், இல்லை உங்களுடையது என்று அங்கிள் சொல்வார். நனைந்தது நம் இரண்டு வீட்டுத் துணியும்தான். இங்கேயும் அதே கதை. நான் அதை விளக்கத்தான் எழுந்தேன். அதற்குள் நீங்கள் எல்லார் முன்னாலும் "வெளிய போடா" என்று சொல்லிவிட்டீர்கள். நான் காரில் போய் உட்கார்ந்து நெடுநேரம் ஸ்டார்ட் செய்யவே இல்லை.

ஷாமினியின் கால் எப்படி இருக்கிறது? ரிஷி பள்ளிக்கூடம் போகிறானா?

இப்படிக்கு,
முகுந்தன்


மேரு, கிள்ளான்
23 ஜூன் 2025

முகுந்தனுக்கு,

என்ன தம்பி, திடீரென்று "செய்துவிட்டீர்கள்", "சொல்லிவிட்டீர்கள்"? நான் உன் அக்காவா, உன் டைரக்டரா? பிறந்த நாளிலிருந்து நீ வா போ என்று கூப்பிட்ட வாய் இப்போது மரியாதை காட்டுகிறதாக்கும். இன்னொரு முறை "நீங்கள்" என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

உன் கடிதத்தை அடுப்பில் சோறு வேகும்போது ஒரு தடவை படித்தேன், கையுறை ஃபேக்டரி பஸ்ஸில் ஒரு தடவை படித்தேன். இரண்டு தடவையும் கோபம்தான் வந்தது. நீ சொன்னது பொய் என்று நான் எங்கே சொன்னேன்? வாணி முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் மகள், காலில் பிளேட் வைத்து, கட்டுப் போட்டு. வாணி கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, பாலம் வருமா வராதா?" நீ எழுந்து அரசியல் சட்டம், ஒன்பதாம் அட்டவணை என்று ஆரம்பிக்கிறாய். மத்தியப் பட்டியலாம், மாநிலப் பட்டியலாம், இரண்டு பேருக்கும் பொதுவாக இன்னொரு பட்டியலாம். எங்கள் பிள்ளைகள் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று அவள் கேட்டிருந்தால் என்னடா சொல்லியிருப்பாய்?

ரிஷியைக் கேட்டிருக்கிறாய். கேட்டுக்கொள். அன்றைக்கு ஷாமினியின் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டியவன் இவன்தான். லோரிக்குப் பின்னாலிருந்து அந்த மோட்டார் வந்தபோது அவள் கை இவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. இப்போது காலையில் பள்ளிச் சட்டையை எடுத்தாலே பாத்ரூமுக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறான். ரோட்டோரம் வந்தால் கால் நகராது. நான்காம் ஆண்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்க முடியுமா? என் துப்பட்டாவை முகத்தில் போட்டு மூடிக்கொண்டு, "போயிடுச்சாம்மா, போயிடுச்சாம்மா" என்று கேட்டுக்கொண்டே வருகிறான். எதிர்ப்பக்கம் போனதும் வாந்தி எடுக்கிறான். பிறகு வகுப்புக்குப் போகிறான். எனக்கு வேண்டியது உன் அட்டவணை இல்லை. என் பிள்ளை பயமில்லாமல் அந்த ரோட்டைத் தாண்ட வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போனேன். "நிலம் மாநில விஷயம்லா அக்கா, அங்க கேளுங்க." சட்டமன்ற உறுப்பினரின் மையத்துக்குப் போனேன். "ரோடு மத்தியத்து ரோடுக்கா, நாங்க கை வைக்க முடியாது." இரண்டு இடத்திலும் மினரல் வாட்டர் கொடுத்தார்கள். நீ இருப்பது கூட்டரசுப் பிரதேசம், உனக்கு மாநில அரசாங்கமே கிடையாது, ஒரே ஓட்டு. எனக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் போட்டுவிட்டு வெயிலில் ரோட்டோரம் நிற்கிறேன்.

நீ என் தம்பி என்று ஊருக்கே தெரியும். அந்த இலாகாவில் நம் பிள்ளை இருக்கிறான் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டது நான்தான். அந்த வயிற்றெரிச்சலில்தான் கத்தினேன். மன்னிப்பு எல்லாம் கேட்கப் போவதில்லை.

குமுதா


பிரிக்பீல்ட்ஸ்
1 ஜூலை 2025

அக்காவுக்கு,

சரி, நீ. போதுமா?

ரிஷி விஷயம் எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை, மச்சானும் சொல்லவில்லை. இரண்டு நாளாக ஆபீஸில் எதைத் திறந்தாலும் அவன் துப்பட்டாவை மூடிக்கொண்டு நிற்பதுதான் கண்ணில் தெரிகிறது. ஆகவே இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் எழுதுகிறேன். நான்தான் சொன்னேன் என்று வெளியே சொல்லாதே. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

மாநிலத்து ஆட்கள் அந்த நிலத்தைத் தர மாட்டோம் என்று சொல்லவில்லை அக்கா. காலி நிலமாக இருந்தால் ஒப்படைக்கிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அது காலியாக இல்லை. பள்ளிக்கூட வேலியை ஒட்டி நம் மாரியம்மன் கோயில் ரதக் கொட்டகை நிற்கிறதல்லவா, அதுதான் அந்தத் துண்டு. சின்ன வயதில் நாம் ஒளிந்து விளையாடிய இடம். அதற்கு யாரும் அனுமதி வாங்கவே இல்லையாம். அதை நாங்களும் இடிக்க முடியாது, நிலம் எங்களுடையது இல்லை. அவர்களும் இடிக்க மாட்டார்கள். கோயில் சொத்தில் கை வைத்தால் ஊர் என்ன பேசும் என்று பயம். ஆகவே மாநிலம் எங்களைப் பார்க்கிறது, நாங்கள் மாநிலத்தைப் பார்க்கிறோம். நடுவில் கொட்டகை நிற்கிறது.

கோயில்காரர்களே எடுத்துவிட்டால் ஒருவருக்கும் சாக்கு இருக்காது. தலைவர் ரெங்கசாமி அண்ணனிடம் நீ பேசிப் பார். நான் பேசினால் கவர்மெண்ட் ஆள் வந்துவிட்டான் என்று ஆகிவிடும்.

முகுந்தன்


மேரு
13 ஜூலை 2025

முகுந்தா,

நல்ல வேலை வைத்தாயடா எனக்கு. இப்போது நான் கோயிலுக்கு விரோதி.

ரெங்கசாமி அண்ணன் நல்ல மனிதர்தான். லோரி ஓட்டி, லோரி வாங்கி, இன்று லோரி நிறுத்தப் பெரிய யார்டே வைத்திருக்கிறார். கோயில் என்றால் அவருக்கு உயிர். நான் கொட்டகை என்று வாயைத் திறந்ததும் முகம் சிவந்துவிட்டது. "இந்தாம்மா குமுதா, நம்ம தொகுதி ஒய்பியே நேர்ல வந்து ரிப்பன் வெட்டி, கல்வெட்டுத் திறந்து வச்சிட்டுப் போனாரு. கவர்மெண்ட் தெரியாமயா வெட்டும்?"

நான் கேட்டேன். "எந்தக் கவர்மெண்ட்டுண்ணே? அப்ப அவரு எந்த ஒய்பி?"

"பார்லிமென்ட் ஒய்பிம்மா."

"நிலம் யாருதுண்ணே?"

"அது... ஸ்டேட்டு."

மத்தியத்து ஒய்பி வந்து மாநிலத்து நிலத்தில் ரிப்பன் வெட்டியிருக்கிறார், நாமும் கை தட்டிப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நிலம் நம்முடையது என்று நினைத்துக்கொண்டோம். நானும்தான் அன்றைக்குப் பாவாடை சட்டையோடு தட்டு கழுவினேன். இத்தனை வருடமாக ஒருத்தருக்கும் போய் மனுப் போட வேண்டும் என்று தோன்றவில்லை.

பிறகு அண்ணன் இறங்கி வந்தார். ரதத்துக்கு வேறு இடம் காட்டு, எடுக்கிறேன் என்றார். பள்ளிக்கூடத்துக்குள் ஒரு மூலை சும்மாதானே கிடக்கிறது என்று தலைமையாசிரியரிடம் ஓடினேன். "ஐயோ குமுதா, பள்ளிக்கூடம் கல்வி அமைச்சுக்குக் கீழ. மத்திய அரசாங்கம். அமைச்சுலேர்ந்து பதில் வராம ஒரு பூந்தொட்டிகூட வைக்க முடியாதும்மா." எங்கே சுற்றினாலும் கடைசியில் உன் ஆட்களிடமே வந்து முட்டுகிறது. கோயில் கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து, தம்பிக்குப் பதவி உயர்வு வாங்கித் தரத்தான் அக்கா ஆத்தா கொட்டகையை இடிக்கிறாள் என்றார். வாணி இல்லாவிட்டால் நான் அங்கேயே அழுதிருப்பேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

கோடாவது போட்டுக் கொடுக்கக் கூடாதா? வெள்ளைக் கோடு? அதற்கும் எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும்?

ரிஷி உன்னைக் கேட்டான். மாமா ஏன் வருவதில்லை என்றான். மாமாவுக்கு வேலை என்றேன்.

குமுதா


பிரிக்பீல்ட்ஸ்
21 ஜூலை 2025

அக்கா,

வெள்ளைக் கோடு போட முடியாது. அந்த வேகத்தில் வரும் கன்டெய்னர் லோரிக்குக் கோடு தெரிந்து பிரேக் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பிள்ளைகள் கோட்டை நம்பி இறங்கிவிடுவார்கள். திட்டாதே, இதில் நான் விடாப்பிடியாக இருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன வாரம் கூட்டத்தில் மேலதிகாரி கேட்டார், இந்த வருடம் எந்தெந்தப் பாலத்துக்கு நிலம் தயார் என்று. நம்முடையது தயாரில்லை என்று நானே வாய் திறந்து சொன்னேன். ஆகஸ்ட் முடிவதற்குள் காலி நிலம் கைக்கு வராவிட்டால் நம் பாலம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அடுத்ததாக நிற்பது வேறு மாநிலத்துப் பாலம். அங்கேயும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும், அங்கேயும் ஒரு ரிஷி இருப்பான், அதை நினைத்தால் அவர்கள்மேல் கோபமும் வர மாட்டேன் என்கிறது.

தூக்கம் சரியாக இல்லை. வேலை முடிந்து மோனோரயில் பாலத்துக்குக் கீழே போகவும் வரவும் நடக்கிறேன். இங்கே ரோட்டைத் தாண்ட எத்தனை பாலம், எத்தனை படிக்கட்டு, எத்தனை விளக்கு தெரியுமா? எல்லாவற்றையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். பூக்கடை அக்கா "என்ன தம்பி, பொண்ணு ஏதும் கைவிட்டுருச்சா?" என்று கேட்டுவிட்டார்.

ஆடித் திருவிழாவுக்கு நான் வரலாமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

முகுந்தன்


மேரு
5 ஆகஸ்டு 2025

முகுந்தா,

உன் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டது கோபத்தால்தான். எழுதியிருக்கலாம். நீ வராமல் போய்விட்டாயே, இந்தக் கூத்தை நேரில் பார்த்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரதம். வழக்கம்போல ஆத்தா கொட்டகையிலிருந்து புறப்பட்டு, ரோட்டைத் தாண்டி, ஃப்ளாட் பக்கம் சுற்றி வந்தாள். ரதத்து மணி கேட்டதும் போலீஸ் சார்ஜன் இரண்டு பக்கமும் கையைக் காட்டினார். அவ்வளவுதான். காப்பார் போகிற லோரி, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர், எல்லாம் மூச்சு விடாமல் நின்றது. நான் வடத்தைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்க்கிறேன். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! நிற்கத் தெரிந்த ரோடுதானே இது. இந்த ரோட்டை நிறுத்த முடியாது, முடியாது என்றுதானே இத்தனை நாள் எல்லாரும் எனக்குப் பாடம் நடத்தினீர்கள்?

நம் கோயிலில் வலது வடம் பெண்களுடையது என்பது உனக்குத் தெரியும். எஸ்டேட் காலத்திலிருந்து அப்படித்தான், ஆண்கள் அதைத் தொட மாட்டார்கள். திரும்பி வரும்போது, ரோட்டின் நடுவில், கொட்டகை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், நான் வடத்தைக் கீழே போட்டேன். யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. வாணி என் முகத்தைப் பார்த்தாள், அவளும் போட்டாள். பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருத்தியாகப் போட்டுவிட்டார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

ரெங்கசாமி அண்ணன் ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு, இழுங்க!"

"கொட்டகைக்கு இழுக்க மாட்டோம்ணே. அந்த இடத்துல பாலத்துப் படிக்கட்டு வரணும். வேற எங்க சொன்னாலும் இழுக்கறோம்."

"ஆத்தாள நடுரோட்டுல நிறுத்துறீங்களே, நல்லாருப்பீங்களா நீங்க?"

வாணி முன்னால் வந்து சொன்னாள். "எங்க புள்ளைங்க தெனமும் நடுரோட்டுலதாண்ணே நிக்குதுங்க. ஆத்தா ஒரு நாளு நிக்கட்டும்."

சார்ஜன் வந்து, "அக்கா, ஜேம் லா, காப்பார் வரைக்கும் நிக்குது, சீக்கிரம்" என்று மலாயில் கெஞ்சினார். ஆண்கள் இடது வடத்தோடு நின்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒற்றை வடத்தில் ரதம் நகராது. அண்ணன் ஆத்தாளைப் பார்த்தார், வாணியைப் பார்த்தார், தலையிலிருந்து பரிவட்டத்தை எடுத்து முகத்தைத் துடைத்தார். "என் யார்டுக்கு இழுங்கம்மா. லோரி ரெண்ட வெளிய போட்டுக்கறேன்" என்றார். தம்பி, அந்த மனிதர் அழுதார். நானும் அழுதேன். எல்லாரும் அழுதுகொண்டே இழுத்தோம்.

ரதம் இப்போது டயர்களுக்கு நடுவில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிக் கொட்டகையைப் பிரிக்கிறோம். நீ ஏதாவது செய்.

குமுதா


பிரிக்பீல்ட்ஸ்
19 ஆகஸ்டு 2025

அக்கா,

நான் வந்திருந்தேன். ஃப்ளாட் பக்கத்தில், பானம் விற்கிற வேனுக்குப் பின்னால் நின்றேன். நீ கூப்பிடாமல் எப்படி முன்னால் வருவது? நீ வடத்தைப் போட்டதையும் பார்த்தேன். இடது வடத்தில் கை வைக்க ஓர் இடம் காலியாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், போகவில்லை. வீட்டுக்கு வந்து பிறகு வெட்கமாக இருந்தது.

நீ செய்யச் சொன்னதைச் செய்துவிட்டேன். கொட்டகை பிரித்த மறுநாளே நிலம் காலி என்று எங்கள் பக்கத்திலிருந்து எழுத வைத்தேன். மாநிலத்து ஆட்களும் வந்து பார்த்துவிட்டார்கள், ஒப்படைக்கச் சம்மதம். பாலம் பட்டியலில் நிற்கிறது. இனி விழாது. இதைப் படித்து நீ சந்தோஷப்படு, அடுத்த வரிக்குப் போவதற்கு முன்னால்.

கட்டுவது அடுத்த வருடம்தான். மாநிலக் கூட்டத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டும், அளக்க வேண்டும், பிறகு எங்கள் பக்கம் டெண்டர். நான் எவ்வளவு ஓடினாலும் அதைவிட வேகமாக நடக்காது. அதுவரை ரிஷி எப்படிப் போவான் என்று நீ கேட்பாய். நானும் அதையே கேட்டுக்கொண்டுதான் மோனோரயிலுக்குக் கீழே நடக்கிறேன் அக்கா.

முகுந்தன்


மேரு
26 ஆகஸ்டு 2025

முகுந்தா,

வேனுக்குப் பின்னால் நின்றாயா? எருமை. வந்து சாப்பிட்டுவிட்டாவது போயிருக்கக் கூடாதா? அன்றைக்குப் பாயசம் மீந்து கொட்டினோம்.

சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியையும் படித்தேன். உன்மேல் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். அடுத்த வருடம் வரை பிள்ளைகள் ரோட்டோரம் நிற்க முடியாது. அதனால் நாங்களே ஒரு வேலை செய்கிறோம்.

ரதத்து மணியைக் கழற்றித் தரச் சொல்லி ரெங்கசாமி அண்ணனிடம் கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் கழற்றித் தந்தார். காலையில் பிள்ளைகள் சேர்ந்ததும் வாணி மணியை அடிப்பாள். இந்த ரோட்டில் ஓடுகிற லோரிக்காரர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும், ஆடிக்கு ஆடி கேட்டது. மணி கேட்டால் ரோடு நிற்கும் என்று அவர்கள் காலுக்கே தெரிந்திருக்கிறது. முதல் நாள் ஒரு கன்டெய்னர்தான் நின்றது. மலாய்க்கார டிரைவர் தலையை நீட்டி, இன்றைக்கு என்ன திருவிழா என்று கேட்டார். பள்ளிக்கூடத் திருவிழா, தினமும் உண்டு என்றேன். சிரித்துவிட்டு இன்ஜினை அணைத்தார். சுதந்திர மாதம் இல்லையா, லோரி முகப்பில் ஒரு பக்கம் நாட்டுக் கொடி, மறு பக்கம் சிலாங்கூர் கொடி. உன்னைத்தான் நினைத்தேன்.

போலீஸ் வந்து பெர்மிட் கேட்டார்கள். அதே சார்ஜன்தான். வாணி கையிலிருந்த மணியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அவரும் கையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். ஆனால் அவர் தினமும் வர முடியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்க உயரமான ஆள் வேண்டும். நாங்கள் எல்லாரும் குட்டை.

ரிஷி வாந்தி எடுப்பது நின்றிருக்கிறது. துப்பட்டாவை இன்னும் விடவில்லை.

குமுதா


பிரிக்பீல்ட்ஸ்
5 செப்டம்பர் 2025

அக்கா,

"உயரமான ஆள்" என்று படித்த மறுநாள் காலையில் நான் வந்து நின்றேன். நீ ரோட்டின் நடுவைக் கையால் காட்டினாய், வாணி மட்டும் "வா தம்பி" என்றாள். ரிஷி என்னைத் தாண்டும்போது துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்தான். அந்த ஒரு கண்ணுக்காகத்தான் அடுத்தடுத்த நாளும் வந்தேன்.

ஆனால் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். லோரிக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று காரில் கிடந்த இலாகாவின் மஞ்சள் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். முதுகில் பெரிய எழுத்தில் இலாகா பெயர். யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். முந்தாநாள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். போக்குவரத்தை நிறுத்துவது போலீஸின் வேலை, பள்ளிக்கூடம் கல்வி அமைச்சின் வேலை, ரோட்டோரம் மாநிலத்தின் வேலை, அப்படியிருக்க நீங்கள் எந்த அதிகாரத்தில் அங்கே நின்றீர்கள்? கூட்டத்தில் அன்றைக்கு நான் வாணியிடம் பேசிய அதே பேச்சு அக்கா. ஒரு வார்த்தை மாறவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் அது எப்படி இருக்கிறது என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

"தாய்மாமன் என்ற அதிகாரத்தில்" என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்குப் புரியவில்லை. அக்கா பிள்ளைக்கு முதல் மொட்டை என் மடியில்தான், காது குத்தியதும் என் மடியில்தான், எங்களில் அது சின்ன அதிகாரம் இல்லை என்று மலாயில் விளக்கினேன். ஒருத்தர் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். முடிவு பிறகு சொல்வார்களாம். அதுவரை அந்த ரோட்டுப் பக்கம் போகக் கூடாது என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு நாளாக வரவில்லை. ஏன் என்று ரிஷியிடம் என்ன சொன்னாய்? எனக்கு வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அங்கே நடுவில் யாரும் நிற்கவில்லையே என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

முகுந்தன்


மேரு
9 செப்டம்பர் 2025

முகுந்தா,

உன்னை வா என்று கூப்பிடவும் மனம் வரவில்லை, வராதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. இதோடு மூன்றாவது காகிதம் கிழித்துவிட்டேன்.

நீ நின்ற இடத்தில் இப்போது ரெங்கசாமி அண்ணன் நிற்கிறார். அவர் வயிறுதான் ரோட்டில் பாதியை மறைக்கிறது, உயரம் போதவில்லை. லோரிக்காரர்கள் "மஞ்சள் சட்டை எங்கே?" என்று கேட்கிறார்கள். மாமா எங்கே என்று ரிஷி கேட்டான். மாமாவை ஆபீஸில் திட்டிவிட்டார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். "எதுக்குத் திட்டுனாங்க?" "உன்னை ரோட்டத் தாண்ட வச்சதுக்கு."

இன்றைக்கு ஷாமினி முதல் தடவையாகப் பள்ளிக்கூடம் வந்தாள். ஒரு பக்கம் ஊன்றுகோல். வாணி மணியை அடித்தாள், லோரிகள் நின்றன. நான் துப்பட்டாவை ரிஷி பக்கம் நீட்டினேன். அவன் எடுக்கவில்லை. நேராகப் போய் ஷாமினியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான். அதே கை, தம்பி. முகத்தை மூடாமல், அவள் நடைக்கு மெதுவாக, இரண்டு பேரும் அந்த ரோட்டைத் தாண்டினார்கள். ஒரு லோரியும் ஹார்ன் அடிக்கவில்லை. வாணி மணி அடிப்பதை மறந்து நின்றுவிட்டாள்.

எதிர்ப்பக்கம் போய், கொட்டகை இருந்த அந்த வெறும் மண்ணில் நின்றுகொண்டு, ரிஷி திரும்பிக் கத்தினான். "மாமா பாத்தாராம்மா?"

பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்த்தார் என்று தலையை ஆட்டிவிட்டேன். அதைப் பொய்யாக்காதே. வாட்சாப்பில் உன் பிளாக்கை எடுத்துவிட்டேன், ஆனால் போன் வேண்டாம், நேரில் வா. உன்னைத் தடுக்க உன் இலாகாவுக்கு ஒரு நியாயம் இருக்கும், உன்னைக் கூப்பிட என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. இது உன் கைக்கு வந்த மறுநாள் காலையில், மணி அடிக்கும்போது, அன்றைக்கு மாதிரி ஏதாவது ஒரு வேனுக்குப் பின்னால் ஒளிந்தாவது வந்து நில். மஞ்சள் சட்டை வேண்டாம்.

அக்கா